பச்சை உடம்போடு ரத்தக் காட்டேரிக் கதை படிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். குழந்தைக்கு ஏழு வாரம். ராத்திரி பால் கொடுக்கும் நேரத்தில் போனில், காட்டேரியைக் காதலிக்கிற பெண்ணின் கதையான ட்வைலைட் வரிசை நாவல்களைப் படிக்கிறீர்கள். நான்கையும் முடித்துவிட்டு இப்போது மறுபடி முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். இதனால் கண் கெடுமா என்பது ஒன்று. காட்டேரிக் கதை படிக்கிறவளின் பால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமி சொல்வதில் ஏதாவது உண்டா என்பது இரண்டு. நம் மலையக எழுத்தாளர்களான தெளிவத்தை ஜோசப்பையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் வாசித்து வளர்ந்து, பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற நீங்கள், பதின்வயதுப் பிள்ளைகளின் காதல் கதையைத் தவிர வேறு எதிலும் நான்கு பக்கம் தாண்ட முடியாமல் இருப்பது ஏன் என்பது மூன்று. ஆனால் கடைசியில் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். மற்றவற்றைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயா, மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நீண்ட காலம் மருத்துவமாதுவாக (மிட்வைஃப்) வேலை செய்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, மனநல மருத்துவம் படித்தவளும் இல்லை. பிள்ளை பெற்ற வீடுகளுக்குள் போய், அடுப்படியில் உட்கார்ந்து பேசிப் பேசித் தெரிந்துகொண்டதும், எங்களுக்குக் கொடுத்த பயிற்சியும்தான் என் கையில் இருப்பவை. நாவல் படிக்கிற பழக்கம் எனக்கும் உண்டு. நீங்கள் சொல்லும் நான்கையும் படித்திருக்கிறேன்.

கண் விஷயம் முதலில். மங்கிய வெளிச்சத்தில் படித்தால் கண் களைக்கும், காயும், தலை வலிக்கும். பார்வை அதனால் நிரந்தரமாகக் கெடாது. இது உறுதி. கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற புதிதிலும் சிலருக்குப் பார்வை கொஞ்சம் மாறிப் பிறகு தானாகச் சரியாகும், ஆகவே புதுக் கண்ணாடிக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். ஆனால் கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, கண்முன் பூச்சி பறப்பது போலத் தெரிந்தாலோ, முகமும் கையும் வீங்கினாலோ அதற்குப் படிப்பைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. பிரஷர் ஏறியிருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகான வாரங்களிலும் அது வரும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 ஆம்புலன்ஸுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளை பெற்றவள் படிக்கக் கூடாது என்ற பேச்சு மண்ணெண்ணெய் விளக்கும் விறகுப் புகையும் இருந்த லயக் காம்பராவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பிறந்திருக்கும் என்பது என் ஊகம். அந்த வெளிச்சத்துக்கு அது நியாயமான பேச்சுதான்.

பால் விஷயத்திலும் சந்தேகம் வேண்டாம். எதைப் படித்தாலும் பாலின் தன்மை மாறாது. தாய் பயந்தாலோ மனம் ரொம்பக் கலங்கியிருந்தாலோ பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மனம் அடங்கியதும் இறங்கிவிடும், சுரந்த பால் கெட்டுப்போவதில்லை. பாலைச் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும், அதனால் ராத்திரிப் பால் கொடுப்பது நீங்கள் விடக் கூடாத ஒன்று. இந்த வயதுக் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். அதில் பாதி இருட்டில் நடக்கும்போது விழித்திருக்க ஒரு கதை உதவுகிறதென்றால் பாலுக்கு அது நல்லதே. மாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கர்ப்பிணியையும் பச்சைக் குழந்தையையும் காட்டேரி அண்டிவிடும் என்ற பயம் நம் குடும்பங்களில் மிகப் பழையது, அதற்காகப் பூசை போடுகிற வீடுகள் உண்டு. ரத்தம் குடிக்கிறவனின் கதை என்று கேட்டதும் அவருக்கு அந்தப் பயம்தான் வந்திருக்கும். அவர் பேரப்பிள்ளைக்குக் காவல் நிற்கிறார். வாதாடாமல் கதையை அவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். அதில் வருகிற குடும்பம் மனுஷ ரத்தத்தைத் தொடுவதில்லை என்று கட்டுப்பாடாக இருக்கிற குடும்பம் என்று தெரிந்தால் மாமி அடுத்தது என்ன என்று கேட்டாலும் கேட்பார்.

மூன்றாவது கேள்விக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் குறைவதைவிடத் தூக்கம் துண்டு துண்டாவதுதான் பெரிய அடி. ஒரு சுற்று முழுதாகத் தூங்கி எழ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேண்டும். அதற்குள் இரண்டு தடவை எழுப்பப்படுகிறவளுக்கு முதலில் போவது கவனம். உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்துபோவதும், தெளிவத்தை ஜோசப்பின் ஒரு சிறுகதையை முடிக்க முடியாமல் போவதும் ஒரே காரணத்தால்தான். அவர் கதையில் யார் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு இப்போது அந்த இடம் காலியாக இல்லை. இந்த நாவல்கள் வேறு மாதிரி எழுதப்பட்டவை. பெரும்பாலும் ஒரே பெண் தன் வாயால் சொல்கிறாள், எளிய வாக்கியங்கள், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் புரட்ட வைக்கிற இடத்தில் நிற்கும். இரண்டாம் முறை படிக்கும்போது முடிவும் தெரியும் என்பதால், குழந்தை எந்த வரியில் அழுதாலும் வைத்துவிட்டு எந்தப் பக்கத்திலிருந்தும் மறுபடி எடுக்கலாம். இதுதான் காரணம் என்று ஆய்வு காட்டி என்னால் நிறுவ முடியாது. ஆனால் தலையணைக்கு அடியில் ரமணிசந்திரன் நாவலை வைத்துக்கொண்டு பால் கொடுத்த படித்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வளர்ந்து, தூக்கம் திரும்பியதும், அவர்களுடைய பழைய வாசிப்பும் திரும்பியது.

அந்தக் கதைகளை எழுதிய ஸ்டெஃபனி மேயரும் அப்போது மூன்று சின்னப் பையன்களின் தாய்தான். 2003 ஜூனில் கண்ட ஒரு கனவிலிருந்து எழுதத் தொடங்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரியில் நிறைய எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். முதல் புத்தகம் 2005இலும் நான்காவது 2008இலும் வந்தன. பதின்வயதினருக்கு என்று விற்கப்பட்டாலும் அமெரிக்காவில் தாய்மார்களுக்கென்றே தனி வாசகர் கூட்டம் சேர்ந்தது. ஆக, வெட்கப்பட்டுக்கொண்டு ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை. மழையும் மூடுபனியும் விடாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் கதை நடப்பதும் நானுஓயாவில் இருக்கிற உங்களுக்கு ஒட்டியிருக்கும்.

ஆனால் உங்களை இழுப்பது காதல் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையில் காட்டேரிகள் தூங்குவதே இல்லை, தூங்காததால் களைப்பதும் இல்லை. நான்காம் புத்தகத்தில், கதை சொல்கிற பெண்ணான பெல்லாவுக்குக் குழந்தை பிறக்கிறது. கண் விழிக்கும்போது அவள் காட்டேரியாக மாறியிருக்கிறாள். வலி இல்லை, அசதி இல்லை, உடம்பு முன்னைவிட அழகாகவும் பலமாகவும் இருக்கிறது. வீடு நிறைய ஆட்கள், யாருக்கும் ராத்திரி பகல் கிடையாது, குழந்தையை யார் தூக்குவது என்று போட்டி போடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு வரம் வேறு உண்டு: கையை ஒருவர் முகத்தில் வைத்தால் தான் நினைப்பதை அவருக்குக் காட்டிவிடும். விடியற்காலை 3 மணிக்குப் பால் குடித்து, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டியும் அழுகை அடங்காத பிள்ளையோடு நிற்கிறவளுக்கு இதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்கும்? பிள்ளை கன்னத்தில் கை வைத்துத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். உங்கள் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை செய்கிறார், வாரக் கடைசியில்தான் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்காத ஆட்கள் நிறைந்த அந்த வீடு உங்கள் வீட்டில் இல்லாத ஒன்றைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதே நான்காம் புத்தகத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் பிரசவம் எப்படி நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கஷ்டமான பிரசவமாக இருந்திருந்தால், நடுவில் பெல்லாவின் நண்பன் ஜேக்கப் சொல்வதாக வரும் பகுதியை இந்த முறை தாண்டிப் போய்விடுங்கள். எலும்பு முறிந்து, தாய் சாவின் விளிம்பு வரை போகும் பிரசவக் காட்சி அதில் இருக்கிறது. ஏற்கெனவே படித்துவிட்டீர்கள், ஒன்றும் ஆகவில்லை என்றால் சரி. உங்கள் சொந்தப் பிரசவம் திரும்பத் திரும்பக் கண்முன் வந்து நெஞ்சு படபடத்தால், அது சொல்லி உதவி கேட்க வேண்டிய விஷயம். அப்புறம், பெல்லாவின் காட்டேரிக் காதலன் எட்வர்ட் அவள் அறியாமல் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்ப்பதும், மூன்றாம் புத்தகத்தில் நண்பனைப் பார்க்கப் போக முடியாதபடி அவள் வண்டியைப் பழுதாக்குவதும் ஒரு வாசகியாக எனக்கு ஒப்பவில்லை. அதை அன்பு என்று எடுத்துக்கொள்கிற வயதில் உங்கள் மாணவிகள் இருக்கிறார்கள், லீவு முடிந்து போனதும் அவர்களோடு பேசுங்கள். ராத்திரி 2 மணிக்கு நீங்கள் அதற்கு விமர்சனம் எழுத வேண்டியதில்லை.

இனி அந்தக் கடைசி வரி. பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகவும் சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். அதற்குப் பிறகும் சோர்வும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான நாட்களில் இருந்தால், அதை மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் அது வரலாம். அதற்கு நாங்கள் பயன்படுத்துகிற 10 கேள்விகள் உள்ள ஒரு தாள் உண்டு. 1987இல் எடின்பரோவில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆசையோடு எதிர்பார்த்தீர்களா என்றுதான் அது ஆரம்பிக்கும். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், "ராத்திரி எப்போது வரும், அந்தப் புத்தகத்தை எப்போது எடுப்பேன் என்றிருக்கிறது" என்று. அதைப் படித்ததும் எனக்கு மனம் கொஞ்சம் லேசானது. மனச்சோர்வு ஆழமாகப் பிடித்தவர்களுக்கு முதலில் போவது அந்த ஆசைதான். பிடித்த பாட்டும் பிடிக்காது, பிடித்த கதையும் மண்ணாகிவிடும். இதை வைத்து மட்டும் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சான்றிதழ் கொடுக்க முடியாது. எழுத்தில் பார்த்து யாராலும் கொடுக்க முடியாது.

அதனால் நான் வீடுகளில் தவறாமல் கேட்ட ஒரு கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். குழந்தை நன்றாகத் தூங்குகிறது, மாமி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார், உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. அப்போது படுத்தால் தூக்கம் வருகிறதா? வருகிறது, விழுந்தவுடன் தூங்கிவிடுகிறேன் என்றால் உங்களுடையது பெரும்பாலும் அசதி. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தும், வாய்ப்பு கிடைத்தும், கண் மூட முடியவில்லை, மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை நிறுத்தத்தான் புத்தகத்தை எடுக்கிறேன் என்றால், அந்தப் பதிலை அப்படியே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். புத்தகம் அங்கே ஒரு வலியை மறைத்துக்கொண்டிருக்கிறது. குழந்தை கீழே விழுந்துவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயங்கரமான எண்ணங்கள் வேண்டாமலே வந்து போவதும் பல தாய்மாருக்கு உண்டு. வாய்விட்டுச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து யாரும் சொல்வதில்லை. தாராளமாகச் சொல்லுங்கள். நாங்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள்.

வேறொன்றும் இருக்கிறது. அரிதானது, ஆனால் நம் பக்கத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. பிரசவத்துக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் வாரங்களில், ஒரு பெண் நாள்கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பது, இல்லாத குரல் கேட்பது, இது என் பிள்ளை இல்லை என்பது, பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று நம்புவது. தோட்டங்களில் இதைப் பேய் என்று சொல்லிப் பூசாரியிடம் கூட்டிப்போய் நாட்கள் வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய், மருந்தால் குணமாகும். திருநீறு போட வேண்டுமென்றால் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். காட்டேரிக் கதை படிப்பதால் இது வருவதில்லை. உங்கள் எழுத்தில் இதன் அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டார் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்றோ பிள்ளைக்குத் தீங்கு செய்யலாம் என்றோ நினைப்பு வலுத்தாலும் அதே அவசரம்தான். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இரவிலும் எடுப்பார்கள்.

படிப்பதைப் பற்றி என் முடிவு இது, மகள்: குழந்தை மார்பில் இருக்கும்வரை படியுங்கள், குழந்தை தூங்கியதும் போனை மூடிவிடுங்கள். பால் கொடுக்கும் நேரத்தில் எப்படியும் விழித்திருக்கிறீர்கள், அந்த நேரத்து வாசிப்புக்குத் தூக்கத்தில் விலை இல்லை. "இந்த அத்தியாயத்தோடு வைத்துவிடுகிறேன்" என்று குழந்தையைக் கிடத்திய பிறகு படிக்கிற அரை மணி நேரத்துக்குத்தான் அடுத்த நாள் விலை கொடுக்கிறீர்கள். போன் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்று சொல்கிறார்கள். எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, மஞ்சள் நிறத்துக்கு மாற்றிக்கொண்டால் நட்டம் ஒன்றும் இல்லை. டேட்டாவை நிறுத்திவிடுங்கள், கதையைவிட வாட்ஸ்அப்தான் தூக்கத்தைக் கெடுக்கும். முகம் பார்க்காமல் பால் கொடுத்தால் பாசம் குறையுமோ என்று கவலைப்பட வேண்டாம். ராத்திரியில் குழந்தையோடு விளையாடாமல் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்திருப்பதே நல்லது. பகலில் முகம் பார்த்துப் பேசிக் கொடுங்கள், போதும்.

கண் செருகத் தொடங்கினால் அந்த வரியோடு நிறுத்துங்கள். போன் குழந்தை முகத்தில் விழுவதும் நடக்கும், ஆனால் அதைவிட ஆபத்து சாய்மானக் கதிரையிலோ செட்டியிலோ குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவது. குழந்தை மூச்சுத் திணற அது போதும். குளிருக்குப் பயந்து கரி நெருப்பு வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தி வைக்கிற பழக்கமும் வேண்டாம், மணமில்லாத அந்த விஷவாயு தாயையும் பிள்ளையையும் சேர்த்து எடுத்துவிடும். உங்களுக்குப் போதுமான உடுப்பைவிடக் குழந்தைக்கு ஒரு சுற்று கூடுதலாக, முகத்தை மூடாமல், அவ்வளவு போதும்.

இனி மாமியிடம் கேட்க வேண்டியது. ராத்திரி 8 மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை அவர் கையில் கொடுங்கள், அடுத்த பால் நேரம் வரை அவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். அந்த மூன்று மணி நேரம் துண்டாகாத தூக்கம் உங்களுக்கு மருந்து. அந்த நேரத்தில் புத்தகம் வேண்டாம். வீட்டுக்காரர் வருகிற சனி ராத்திரி, பால் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். அந்தக் கதையில் வருகிற வீட்டில் யாரும் கேட்காமலே செய்கிறார்கள். நம் வீடுகளில் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது.

அசதி என்றால் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ரத்தச் சோகை நம் பக்கத்தில் சாதாரணம், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால் இன்னும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், தேநீர் அதை உடம்பில் சேர விடாது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி குழம்புவதும் இதே களைப்பாக, இதே மறதியாகத் தெரியும். குழந்தைக்கு 2 மாத ஊசி போட இன்னும் சில நாளில் கிளினிக் போவீர்கள். அன்றைக்கு உங்களுடைய ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த 10 கேள்வித் தாளையும் கேட்டு வாங்கி நிரப்புங்கள். மாமி கூட வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக் கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கேன் மிஸ்" என்றுதான் சொல்வார்கள், லயத்துச் சுவர் அவ்வளவு மெல்லியது. தனியாக இருக்கும்போது நான் கேட்ட அந்தத் தூக்கக் கேள்விக்கு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். மிஸ் அவசரத்தில் இருந்தால் இன்னொரு நாள் கேட்டு வாங்குங்கள், விட்டுவிடாதீர்கள்.